தட்டிப் பார்த்த வயிறு

"குட்டிகளின் வயிறு வாடக் கூடாது..." கிழட்டு யானை காட்டுக் கூட்டத்தில் கடைசியாகப் பேசியபோது இப்படித்தான் ஆரம்பித்தது. பிறகும் என்னவோ சொன்னது. அது யாருக்கும் ஞாபகம் இல்லை.

அந்த வருஷம் மழை இல்லை. ராஜாவான கரடி ஓர் ஏற்பாடு செய்தது. தாய்கள் தேடிக் கொண்டுவரும் தீனியை ஒரே இடத்தில் சேர்த்துக் குட்டிகளுக்குப் பந்தி போட வேண்டும். பொறுப்பு நரிக்கு.

கடலை, முட்டை, கீரை, பழம் எல்லாம் நரியின் வளைக்குள் போயின. குட்டிகளின் இலையில் விழுந்தது மரவள்ளிக்கிழங்கு மட்டும். காலையிலும் கிழங்கு, மாலையிலும் கிழங்கு!

பந்தி முடிந்ததும் கரடி வரும். ஒவ்வொரு வயிறாகத் தட்டிப் பார்க்கும். உருண்டையாக இருந்தால் சரி, திருப்தியாகப் போய்விடும்.

ஒருநாள் மந்தி தன் குட்டியை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஆவேசமாக வந்தது.

"ராஜா! என் பிள்ளையால கிளையைப் பிடிக்க முடியலை! ஏறினா விழுந்துடறான்!"

நரி சிரித்தது. "வயித்தைப் பாருங்க ராஜா, பலாப்பழம் மாதிரி! தின்னுட்டுச் சோம்பல். யானைத் தாத்தா சொன்னபடிதானே போடறேன்?"

கரடி தட்டியது. "நிறைஞ்சுதானே இருக்கு, அம்மா?"

"நிறையலை, வீங்கியிருக்கு! காலை அழுத்திப் பாருங்க!"

கரடி குட்டியின் பாதத்தை அழுத்தி எடுத்தது. குழி விழுந்தது. விழுந்த குழி எழவே இல்லை. பக்கத்தில் இருந்த பன்றிக்குட்டியின் காலை அழுத்தியது. அங்கேயும் குழி.

மந்தி நரி பக்கம் திரும்பியது. "கிழங்கு ஓட்டத்துக்குத் தெம்பு தரும். சதை வளரக் கடலை எங்கே? ரத்தத்துக்குக் கீரை எங்கே? பொழுது சாஞ்சா இவனுக்கு என் முகமே தெரியலை! கண்ணுக்குப் பப்பாளி எங்கே? நான் சுமந்துவந்து கொட்டினதெல்லாம் எங்கேடா, நரி?"

"பஞ்ச காலத்துல அதெல்லாம் ஆடம்பரம்!"

"அப்போ உன் ரோமம் மட்டும் ஏன்டா இப்படி மின்னுது? என் பிள்ளை முடி செம்பட்டையாகிக் கொட்டுதே!"

நரி வாலைச் சுருட்டிக்கொண்டு பின்வாங்கியது. பன்றிக்குட்டியின் தாய் வழியை மறித்து நின்றது.

மந்தி கரடியையும் விடவில்லை. "உங்க பிள்ளை வீட்டுல தேனும் கறையானும் தின்னுது. இந்தப் பந்தியில உட்கார்ந்திருந்தா உங்களுக்கு என்னைக்கோ தெரிஞ்சிருக்கும்!"

வயிற்றை நிரப்புவது மட்டும் உணவு ஆகாது. மாவுச்சத்தோடு புரதமும் கொழுப்பும் வைட்டமின்களும் தாதுச் சத்துகளும் சேர்ந்தால்தான் உடம்பு உடம்பாக இருக்கும்.

இனிமேல் தாய்களே பரிமாறட்டும், தன் குட்டியும் அதே பந்தியில்தான் சாப்பிடும் என்று கரடி முடிவு செய்தது.