மாமாவைத் தாண்டிய பட்டம்

புளியடிவிளைக்காரர்களைப் பற்றி நூறு கதை சொல்வார்கள். அவற்றில் பாதி பொய். மீதிப் பாதியில் ஒன்று இது.

அந்த ஊரில் சித்திரைவேல் என்று ஒருவன், பனங்கிழங்கு வியாபாரி. கடலோரத்துச் சங்குமேட்டில் இருக்கும் தாய்மாமன் மகள் செல்லக்கனியைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்பது அவனுடைய வெகுநாள் ஆசை. செல்லக்கனிக்கும் அதில் மறுப்பில்லை. மறுப்பெல்லாம் அவள் அப்பா இசக்கிமுத்துவுக்குத்தான். கருவாட்டு வியாபாரியான அவர் நாலே முக்கால் அடி உயரம். பேச்சு மட்டும் பனை உயரம்.

ஆடி முடிந்ததும் சித்திரைவேல் மூன்று பேரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பெண் கேட்கப் போனான். மூத்தவர் முத்துமாலை, அவர் தம்பி பட்டுராசன், எதற்கும் சந்தேகம் கேட்கும் சங்கிலி. இசக்கிமுத்து தெருவே கேட்கச் சொன்னார்:

"புளியடிவிளைக்காரனுக்கா என் பொண்ணு? ஏலே, நீ வானத்துல பறந்து வந்து என் வாசல்ல இறங்கு, அன்னைக்குத் தாரேன். இல்லேன்னா ஆவணிக் கடைசி முகூர்த்தத்துல உப்பளத்து சூப்பர்வைசருக்கு அவளைக் கட்டிவச்சிருவேன்."

தெரு சிரித்தது. நான்கு பேரும் எழுந்து கும்பிட்டுவிட்டுத் திரும்பினார்கள். பஸ்ஸில் ஒரே சந்தோஷம்.

"மாமா சம்மதிச்சிட்டாரு. நகை கேக்கல, நிலம் கேக்கல. பறந்து வரணும், அவ்வளவுதான்," என்றார் முத்துமாலை.

"எதுல பறந்து வரணும்னு சொல்லலியே, அண்ணாச்சி?" என்றான் சங்கிலி.

"அதை நம்ம வசதிக்கு விட்டுட்டாரு. பெரிய மனுசன்லா!"

சங்குமேட்டுக்குப் பின்னால் ஒரு தேரி உண்டு. காற்று காலங்காலமாகக் கொண்டுவந்து கொட்டிய செம்மண் குன்று. அதன் உச்சியில் ஒரு தகரக் கொட்டகை. அதன்மேல் 'இங்கே பறக்கக் கற்றுத்தரப்படும்' என்று ஒரு போர்டு. அதை மாட்டியவர் நாகர்கோவில் டென்னிசன் மாஸ்டர். மூன்று மாதமாக ஒருவரும் வரவில்லை. அதனால் நான்கு பேர் சேர்ந்தாற்போல வந்து நின்றதும் மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. பின்னாலும் கலங்கியது; காரணம்தான் வேறு.

மாஸ்டர் வைத்திருந்தது அலுமினியக் குழாயும் துணியும் சேர்ந்த ஒரு பெரிய முக்கோணப் பட்டம். அதன் அடியில் ஆள் வவ்வால் மாதிரி தொங்க வேண்டும். இடுப்பு வாரைக் கொக்கியில் மாட்டி, முன்னாலிருக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மேட்டிலிருந்து எதிர்காற்றில் ஓடினால் காற்று தாங்கிக்கொள்ளும். பிறகு மெல்ல மெல்ல இறங்கிக் கடற்கரைக்கு வரலாம்.

"முதல்ல ஓடப் பழகணும். பட்டம் இல்லாம ஓடுங்க. நான் சொல்றவரைக்கும் நிக்கக்கூடாது," என்றார் மாஸ்டர் முதல் நாள்.

அவர்கள் ஓடினார்கள். அந்த நேரம் பார்த்து மாஸ்டருக்கு ஒரு போன் வந்தது. பேசி முடித்துத் திரும்பினார். தேரியில் யாரையும் காணோம். தூரத்தில், கடலுக்குள், நான்கு தலைகள் மட்டும் தெரிந்தன. ஒவ்வொரு அலைக்கும் மறைந்து மறைந்து மேலே வந்தன.

"நில்லுங்கய்யா!" என்று அலறிக்கொண்டு போனார்.

முத்துமாலை வாயிலிருந்த உப்புத் தண்ணீரைத் துப்பிவிட்டு, "இதை முன்னாலேயே சொல்லியிருக்கலாமே மாஸ்டர். கழுத்துக்கு மேல தண்ணி வந்தா ஓட்டத்துல வேகம் குறையுது," என்றார்.

இரண்டாம் நாள் காற்றுப் பாடம். ஒரு பிடி மணலை அள்ளித் தூவினாலே தெரிகிற விஷயம்தான். மாஸ்டர் அந்த மணலைச் சொல்ல மறந்துவிட்டார். "காத்து எங்கேயிருந்து வருதுன்னு பார்த்துட்டு வந்து சொல்லுங்க," என்று மட்டும் சொன்னார்.

அவர்கள் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு புறப்பட்டார்கள். மறுநாள் மாலைதான் வந்தார்கள். உடம்பெல்லாம் மீன் வாடை.

"கடற்கரையில விசாரிச்சோம் மாஸ்டர்," என்றான் பட்டுராசன். "கடலுக்குள்ள இருந்து வருதுன்னாங்க. ஒரு படகைப் பிடிச்சுப் போனோம். அங்கே போனா, இன்னும் உள்ளே இருந்து வருது. சிலோன் வரைக்கும் போய்ப் பார்த்திரலாம்னேன். படகுக்காரன் டீசல் பத்தாதுன்னுட்டான்."

"ஆனா ஒண்ணு, நாங்க பார்த்தவரைக்கும் கிளம்புற இடத்துல காத்து இன்னும் தீர்ந்துபோகல," என்றான் சங்கிலி.

மாஸ்டர் தகரக் கொட்டகைக்குள் போய்க் கொஞ்ச நேரம் தனியாக உட்கார்ந்திருந்தார்.

பெண் கேட்டது சித்திரைவேலுக்கு என்பதால் பட்டத்தில் தொங்குவது அவன்தான் என்று முடிவாயிற்று. ஹெல்மெட்டால் ஒரு சிக்கல் வந்தது. பெரியவர்கள் முன்னால் தலையில் முண்டாசோடு நிற்பது மரியாதை இல்லை என்று வளர்ந்தவன் அவன். மாஸ்டர் ஹெல்மெட்டை மாட்டிவிடுவார். அவன் மாஸ்டரைப் பார்த்ததும் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொள்வான். ஏழு முறை மாட்டினார், ஏழு முறை கழற்றினான். கடைசியில் மாஸ்டர் தன்னுடைய தலையிலும் ஒரு சட்டியைக் கவிழ்த்துக்கொண்டு, "இப்ப சரியா?" என்றார். அப்புறம்தான் மாட்டிக்கொண்டான்.

அன்றே அவன் முதல்முறை தரையை விட்டு எழும்பினான். பத்தடி உயரம், முப்பதடி தூரம். சரிவில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த மாஸ்டரின் தலைக்கு மேலாகப் போய், அப்பால் மணலில் மூக்குக் குத்தி விழுந்தான்.

மாஸ்டர் கைதட்டினார். புளியடிவிளைக்காரர்கள் கைதட்டவில்லை. அவர்கள் முகம் செத்துப்போயிருந்தது.

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் படுத்திருக்கும்போது அவரைத் தாண்டிப் போகக்கூடாது. தாண்டினால் அவர் அதற்குமேல் வளரமாட்டார். தெரியாமல் தாண்டிவிட்டால் வந்த வழியே திருப்பித் தாண்ட வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்காகச் சொன்னது அது. மாஸ்டருக்கு வயது ஐம்பத்திரண்டு.

"வயசு என்னவே வயசு? தாண்டினது தாண்டினதுதானே!" என்றார் முத்துமாலை.

"அவரு படுக்கலியே, குனிஞ்சுதானே நின்னாரு?" என்றான் சங்கிலி.

"அப்போ பாதி வளர்த்தி போயிருக்கும். அளந்து பாத்திருவோம்."

மாஸ்டரைக் கொட்டகைத் தூணோடு நிற்கவைத்து, தலை மட்டத்தில் கரியால் ஒரு கோடு போட்டார்கள். மறுநாள் காலை மறுபடியும் நிற்கவைத்துப் பார்த்தார்கள். கோடு கோட்டிலேயே இருந்தது. ஒரு நூல்கூட ஏறவில்லை.

"பலிச்சிருச்சு," என்றார் முத்துமாலை. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அன்று மதியம் சாப்பிட்டுவிட்டு மாஸ்டர் கட்டிலில் கண்ணயர்ந்தார். ஏதோ நிழலாடுவது போலிருக்கவே விழித்துப் பார்த்தார். முகத்துக்கு நேர் மேலே இரண்டு பாதங்கள். அதற்கு மேலே பட்டத்தோடு சித்திரைவேல். அவனை மற்ற மூன்று பேரும் தூக்கிப் பிடித்து, பின்னோக்கி, மிகுந்த மரியாதையோடு மாஸ்டரைத் தாண்டவைத்துக்கொண்டிருந்தார்கள்.

"அசையாதீங்க மாஸ்டர், பாதிதான் வந்திருக்கு," என்றான் பட்டுராசன். "இப்ப எந்திரிச்சா இடுப்புக்கு மேல மட்டும் வளருவீங்க."

மாஸ்டர் அசையவில்லை.

ஆவணிக் கடைசி முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்னால் காற்று நன்றாக வந்தது. மாஸ்டர் கடற்கரையில் ஒரு கம்பு நட்டு, அதில் தன் சிவப்புத் துண்டைக் கட்டினார். சித்திரைவேலிடம் மூன்றே மூன்று விஷயம் சொன்னார். சிவப்புத் துணியையே பார்த்துக்கொண்டு வா. வேறு எங்கும் பார்க்காதே. தரையைத் தொட்டதும் அப்படியே நில், நான் வந்து சொல்கிறவரை கொக்கியைக் கழற்றாதே.

சொல்லிவிட்டுக் கம்புக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

அன்று காலை செல்லக்கனி தன் சிவப்புச் சேலையைத் துவைத்து, வீட்டு வாசலில் கொடி கட்டிக் காயப்போட்டிருந்தாள். அந்த வாசலில் அதற்குமுன் யாரும் துணி காயப்போட்டதில்லை.

சித்திரைவேல் ஓடினான். மணல் காலை விட்டது. தேரி பின்னால் நகர்ந்தது. உடைமரங்களும் ஓட்டு வீடுகளும் காய்ந்துகொண்டிருந்த கருவாடும் அவனுக்குக் கீழே மெதுவாக நடந்து போயின. கடல் ஒரு முந்தானை போல விரிந்து கிடந்தது. ஒரு நாரை அவனுக்குப் பக்கத்தில் வந்து, கொஞ்ச தூரம் கூடவே பறந்து, பிறகு ஏதோ நினைத்துக்கொண்டதுபோல விலகிப் போயிற்று. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை கிடைக்கும் காட்சி. அவன் எதையும் பார்க்கவில்லை. மாஸ்டர் பார்க்கக்கூடாது என்று சொல்லியிருந்தார்.

துண்டைவிடச் சேலை பெரிது. அவன் சேலைக்கே வந்தான். தெருவில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்த மாமாவின் தலைக்கு மேலாக வந்து, கொடியில் முட்டி, நேராக வாசற்படிக்கு முன்னால் இரண்டு காலும் ஊன்றி நின்றான்.

"மாமா, வந்துட்டேன்," என்றான்.

முத்துமாலையும் பட்டுராசனும் சங்கிலியும் தேரியிலிருந்து குலவை போட்டுக்கொண்டே ஓடிவந்தார்கள். சொன்ன சொல் தவறாதவர் என்று இசக்கிமுத்துவுக்குப் பெயர். எல்லோரும் அவரையே பார்த்தார்கள்.

அவர் கருவாட்டுக்கு நடுவில், வானத்தைப் பார்த்தபடியே நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"பறந்து வந்தே. வாசல்ல இறங்கினே. எல்லாம் சரிதான். ஆனா பாவிப்பயலே, என்னைத் தாண்டிட்டியே!" என்றார். "இருக்கிற உயரமே பத்தலேன்னு நான் தவிக்கேன். இன்னைக்கோ நாளைக்கோ ரெண்டு விரல் ஏறாதான்னு இருந்தேன். அதையும் நிறுத்திட்டே. பொண்ணும் கிடையாது, ஒண்ணும் கிடையாது."

சித்திரைவேலுக்கு அழுகை வந்தது. கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட முடியவில்லை. இரண்டு கையிலும் பட்டத்தின் கம்பி.

உடனே கூட்டம் கூடியது.

"திருப்பித் தாண்டிர வேண்டியதுதானே? வந்த வழியே பறந்து போகட்டும்," என்றார் ஒரு பெரியவர்.

"இது மேலேயிருந்து கீழேதான் வரும் அண்ணாச்சி. கீழேயிருந்து மேலே போகாது," என்றான் பட்டுராசன்.

"அப்போ மாமாவைப் பட்டத்துல மாட்டி, சித்திரைவேலுக்கு மேல பறக்கவிட்டா?" என்றார் முத்துமாலை.

எல்லோரும் யோசித்தார்கள். சங்கிலி தலையை ஆட்டினான். "அது தப்பு. அப்புறம் ரெண்டு பேருமே வளரமாட்டாங்க."

"குழி வெட்டலாம். பட்டம் மேல இருக்கட்டும். மாமா அடிவழியாத் தவழ்ந்து..."

"நான் தவழணுமாலே?"

அப்போது வீட்டுக்குள்ளிருந்து செல்லக்கனி வந்தாள். சேலையைக் கொடியிலிருந்து எடுத்து மடித்துக்கொண்டே சொன்னாள்:

"அவரு தாண்டும்போது அப்பா பட்டத்தோட மூக்குப் பக்கமா நுழைஞ்சு வால் பக்கமா வெளியே வந்தாங்க. இப்ப அவரு நிக்கிற மாதிரியே நிக்கட்டும். அப்பா வால் பக்கமா நுழைஞ்சு மூக்குப் பக்கமா வெளியே வந்தா, கணக்கு நேராயிரும்லா?"

முத்துமாலை முன்னால் வந்து, "புளியடிவிளைக்கு வாழ வரவேண்டிய அறிவு இது," என்றார்.

இசக்கிமுத்து ஒரு நிபந்தனை போட்டார். முதலில் அளக்க வேண்டும், நாளை காலை மறுபடி அளக்க வேண்டும், வளர்ந்திருந்தால்தான் கல்யாணம். புதுப் பருத்திக் கயிறு ஒன்றை எடுத்து, உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை பிடித்து, சரியாக அந்த அளவுக்கு வெட்டி வைத்தார்கள். பிறகு அவர் சட்டையைச் சரிசெய்துகொண்டு, வாலில் நுழைந்து மூக்கில் வெளியே வந்தார். குனிய வேண்டியிருக்கவில்லை.

அப்போதுதான் தெருவில் இருந்த மற்றவர்களுக்குத் தாங்களும் தாண்டப்பட்டது உறைத்தது. கடற்கரையிலிருந்து மூச்சிரைக்க வந்து சேர்ந்த மாஸ்டர் கண்டது இதுதான்: சித்திரைவேல் பட்டத்தைச் சுமந்துகொண்டு நிற்கிறான், அவனுக்குப் பின்னால் ஊரே வரிசையில் நிற்கிறது. கைக்குழந்தைகள், பால் கறக்கும் ஆடுகள், ஒரு சேவல். சேவலை மட்டும் இரண்டு தடவை விட்டார்கள். முதல் தடவை அது பாதியில் திரும்பிவிட்டது.

திகைத்துப்போன மாஸ்டரும் போய் வரிசையில் நின்றுகொண்டார். அந்தத் திகைப்பில் கொக்கியைக் கழற்றச் சொல்ல மறந்துபோனார். சித்திரைவேல் அன்று பட்டத்துக்கடியிலேயே தூங்கினான்.

அன்று சாயங்காலம் செல்லக்கனி கிணற்றுக்குப் போனவள், வாளிக் கயிறு எட்டவில்லை என்று அந்தப் பருத்திக் கயிற்றை அதோடு முடிந்துகொண்டாள். மூன்று குடம் தண்ணீர் இறைத்தாள். பிறகு அவிழ்த்து, நன்றாக உலர்த்தி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டாள்.

பருத்திக் கயிறு நனைந்தால் சுருங்கும்.

காலையில் ஊர் கூடியது. இசக்கிமுத்து சுவரோரமாக விறைப்பாக நின்றார். முத்துமாலை கயிற்றின் ஒரு முனையை அவர் உள்ளங்காலில் வைத்து, மறு முனையை மேலே கொண்டுபோனார். கயிறு நெற்றியோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் நாலு விரல் மாமா இருந்தார்.

"நாலு விரல்!" என்று கத்தினார் முத்துமாலை. "ஒரே நாள்ல நாலு விரல்! தேங்கிக் கிடந்த வளர்த்தி எல்லாம் ஒண்ணா வந்திருக்கு!"

மாஸ்டர் கயிற்றைப் பார்த்தார். "ஒரு நிமிஷம், இந்தக் கயிறு..." என்று ஆரம்பித்தார். செல்லக்கனி அவரைப் பார்த்தாள். மாஸ்டர் இருமிவிட்டு, "நல்ல கயிறு," என்றார்.

இசக்கிமுத்து சித்திரைவேலைக் கட்டிக்கொண்டு அழுதார். உப்பளத்து சூப்பர்வைசருக்கு ஆள் அனுப்பி, வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அதே கடைசி முகூர்த்தத்தில் கல்யாணம் நடந்தது. தனியாகப் பந்தல் போடவில்லை. மாப்பிள்ளை தலைக்கு மேலேயே பந்தல் இருந்தது. தாலி கட்டக் கையைத் தூக்கியபோதுதான் மாஸ்டருக்கு ஞாபகம் வந்து, "ஐயோ, கழட்டுப்பா!" என்று கத்தினார். சித்திரைவேல் கொக்கியைக் கழற்றிவிட்டுத் தாலியைக் கட்டினான்.

சங்குமேட்டுக்குப் போனால் இன்றைக்கும் பார்க்கலாம். மாமாவின் வீட்டு வாசல்நிலை ஆறடி உயரம். அவர் உள்ளே போகும்போதெல்லாம் வாசலில் ஒரு கணம் நிற்பார், தலையைத் தடவிக்கொள்வார், இடித்துவிடாமல் நன்றாகக் குனிந்து உள்ளே போவார்.