ஒழுங்காக ஒழுகிய வண்டி

இந்தக் கதையின் கடைசியில் ஒரு கேள்வி வரும். அதைப் படித்தால் நீங்கள் சிரிப்பீர்கள், அதற்கு நான் பொறுப்பு. ஆனால் நேராக அங்கே போய்விடலாம் என்று பார்க்காதீர்கள். முதலில் எங்கள் மாமாவின் கார் நிற்கும் கொட்டகைக்கு வாருங்கள். மெதுவாக வரலாம். அந்தக் காரும் மெதுவாகத்தான் வரும்.

தேவசிகாமணி மாமா என் அம்மாவின் தம்பி. பொள்ளாச்சியில் தேங்காய் நார் வியாபாரம். கல்யாணம் ஆகவில்லை, கார் இருக்கிறது. நாற்பது வயதான சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே பேர் உட்காரலாம். தவளை மாதிரி தரையோடு படுத்திருக்கும். அதில் ஏறுவதற்கு உட்காரத் தெரிந்தால் போதும். இறங்குவதற்குத்தான் கைகொடுக்க ரெண்டு பேர் வேண்டும்.

என் அப்பா நாச்சிமுத்து கல்யாண மண்டபம் வைத்திருக்கிறார். வாசலில் ஒரு சிமெண்டுக் குதிரை இருந்தது. மாப்பிள்ளைகள் ஏறி ஏறிப் படம் எடுத்ததில் அதற்கு ஒரு காதும் பாதி வாலும் போய்விட்டன. அந்த இடத்துக்கு அப்பாவுக்கு மாமாவின் கார் வேண்டும். சக்கரத்தைக் கழற்றிவிட்டு, சுற்றிலும் பிளாஸ்டிக் ரோஜா வைத்து, ஜோடிகளை உட்கார வைத்துச் செல்பி எடுக்க.

ஒரு நாள் அந்தக் கார் மண்டப வாசலிலேயே இட்லிக் குண்டான் மாதிரி ஆவி விட்டுக்கொண்டு நின்றது. முகூர்த்தக் கூட்டம் மொத்தமும் பார்த்தது.

"மாப்ள, இது ஓடறதுக்குப் பொறந்ததில்ல, நிக்கறதுக்குப் பொறந்தது," என்றார் அப்பா.

மாமாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "மச்சான், இந்த மாசம் கடைசி ஞாயித்துக்கிழமை ஆழியாறுல எடுத்து, வால்பாறை ரோட்டுல ஒம்பதாவது கொண்டை ஊசி வளைவு வரைக்கும் ஏத்திக் காட்டறேன். பன்னெண்டு மணிக்குள்ள. தள்ள மாட்டேன், கயிறு கட்ட மாட்டேன்."

"ஏறலீன்னா?"

"ஏறலீன்னா உங்க வாசல்லயே நிக்கட்டும்," என்று சொல்லிவிட்டு மாமா காரைத் தடவிக் கொடுத்தார். கை சுட்டுக்கொண்டது.

அடுத்த நாள் மெக்கானிக் சவரிமுத்து வந்தார். வெடித்திருந்த தண்ணிக் குழாயை மாற்றினார். எஞ்சின் சூட்டை ஆற்றும் கூலண்ட் தண்ணியைப் பச்சைக் கலரில் ஊற்றி நிரப்பினார். "இனி ஒண்ணும் ஆகாது. இருந்தாலும் மூணு வாரம் கண்காணிக்கோணும், வெளங்குச்சா?" என்றார். எதைச் சொன்னாலும் கடைசியில் ஒரு 'வெளங்குச்சா' போடுவார். மூக்கால்தான் பேசுவார். எனக்கு அவர் குரல் ரெண்டே நிமிஷத்தில் வந்துவிட்டது. அப்பா குரல், ஹெட்மிஸ்ட்ரஸ் குரல், ஆனைமலை பஸ் கண்டக்டர் குரல் எல்லாம் ஏற்கெனவே கையிருப்பில் இருந்தன.

அவர் சொன்னது மூன்று. கேட்டுக்கொண்டது மாமாவும் அவருடைய இரண்டு கூட்டாளிகளும். ஒருவர் சென்னியப்பன், எடைமேடையில் முப்பது வருஷம் லாரிகளை நிறுத்து ஓய்வு பெற்றவர். இன்னொருவர் கிட்டுசாமி, எதிலும் ஓய்வு பெறாதவர், ஏனென்றால் எதிலும் சேரவில்லை.

"ராத்திரி வண்டிக்குக் கீழ பேப்பரை விரிச்சு வைங்க. எங்கயாவது ஒழுகுச்சுன்னா காத்தால பேப்பரே சொல்லிரும். ரெண்டாவது, ஓட்டும்போது சூடு காட்டற முள்ளு செவப்பைத் தொடவே கூடாது. மூணாவது, தெனமும் காத்தால வண்டி ஆறியிருக்கறப்ப மூடியைத் தொறந்து, கொஞ்சம் தண்ணி எடுத்துப் பாருங்க. பழுப்பா இருந்தா துரு. பாலாட்டம் இருந்தா ஆயில் கலந்திருக்குது. நான் வந்து சொல்ற வரைக்கும் வேற எதையும் உள்ள ஊத்தாதீங்க. வெளங்குச்சா?"

மூன்று பேரும் விளங்கிவிட்டது என்று தலையாட்டினார்கள். சவரிமுத்து போனை வீட்டில் வைத்துவிட்டு வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம் கிளம்பிப் போய்விட்டார். போனை வைத்துவிட்டுப் போனது மாமாவுக்குத் தெரியாது.

சிரிப்பு இன்னும் வரவில்லை. பொறுங்கள்.

மறுநாள் காலையில் நான் கொட்டகைக்குப் போனபோது மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து, காருக்குக் கீழே விரித்த பேப்பரைப் பக்கம் பக்கமாகப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

"டெண்டர் அறிவிப்பு முடிஞ்சுது. நம்ம வண்டியைப் பத்தி ஒரு வரி இல்லீங்க," என்றார் கிட்டுசாமி.

"கண்ணீர் அஞ்சலியைப் பாரப்பா," என்றார் சென்னியப்பன்.

"பாத்துட்டனுங்க. எல்லாம் மனுசங்கதான்."

"இது கோயமுத்தூர்ப் பதிப்பு. பொள்ளாச்சிச் சேதி நாளைக்குத்தான் வரும்," என்று மாமா தீர்ப்புச் சொன்னார். பேப்பரில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. அதை யாரும் பார்க்கவில்லை. படிக்க அது இடைஞ்சலாக இல்லையே.

முள் விஷயத்தைக் கிட்டுசாமி தனியாளாக முடித்தார். முள் சிவப்பைத் தொடக்கூடாது, அவ்வளவுதானே? என்னிடம் பச்சை நகப்பாலிஷ் இருக்கிறதா என்று கேட்டு வாங்கிப்போய், கண்ணாடியைக் கழற்றி, சிவப்பு இருந்த இடத்தையெல்லாம் பச்சையாக்கிவிட்டார். "இனி அது நெனைச்சாலும் தொட முடியாது," என்று நகப்பாலிஷைத் திருப்பிக் கொடுத்தார். பாதிதான் மிச்சம் இருந்தது.

மூன்றாவதுதான் முக்கியம். தினமும் காலையில் ஒரு காலி குவாட்டர் பாட்டில் நிறையத் தண்ணி எடுத்துப் பார்த்தார்கள். எடுக்கச் சொன்னார், எடுத்தார்கள். பார்க்கச் சொன்னார், பார்த்தார்கள். திருப்பி ஊற்றச் சொன்னாரா? இல்லை.

இந்த இடத்தில்தான் நான் நுழைந்தேன். வீட்டில் சும்மா கிடந்த ஒரு பழைய போனின் எண்ணை, மாமாவின் போனில் 'சவரிமுத்து' என்ற பெயருக்கு நேராகப் போட்டு வைத்தேன். அன்று மத்தியானமே அழைப்பு வந்தது.

"சவரிமுத்தண்ணா, எடுத்துப் பாத்தமுங்க. பச்சையாத்தான் இருக்குது. அதை என்னங்க பண்றது?"

மூக்கைப் பிடித்துக்கொண்டேன். "தம்பி, அதைப் பத்திரமா வை. தேதி போட்டு வை. அது சாட்சி, வெளங்குச்சா?"

ஒரு நாள் கூத்தாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். பத்தாம் நாள் கொட்டகை அலமாரியில் பத்து குவாட்டர் பாட்டில், பச்சைப் பசேலென்று, வரிசையாக. அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "மாப்ள பச்சைக் கலர்ல என்ன எழவைக் குடிக்கறான்?" என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா மாமாவைக் கூப்பிட்டு வாயை ஊதச் சொன்னாள்.

அதற்குள் அங்கே வேறு கவலை. சென்னியப்பன் தினமும் குச்சி விட்டுத் தண்ணி மட்டத்தை அளந்து எழுதி வந்தார்.

"தேவசிகாமணி, வண்டியில தண்ணி கொறையுது."

"எவ்வளவுங்கண்ணா?"

"ஒரு நாளைக்கு ஒரு குவாட்டர். நேத்தும் ஒரு குவாட்டர். முந்தாநேத்தும் ஒரு குவாட்டர். ஒரு சொட்டு அதிகமும் இல்லை, ஒரு சொட்டு கொறைச்சலும் இல்லை. முப்பது வருசம் எடை போட்டிருக்கேன், இவ்வளவு ஒழுங்கா ஒழுகற வண்டியை நான் பாத்ததில்லை."

"கீழ ஈரமே இல்லீங்களே?"

"ஆவியாப் போகுதோ?"

"ஆவி ஞாயித்துக்கிழமையாவது லீவு விடுமல்லங்க?" என்றார் கிட்டுசாமி.

மூன்று பேரும் அலமாரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தார்கள். பிறகு சென்னியப்பன் எழுந்து, அன்றைய பாட்டிலில் தேதி ஒட்டி வரிசையில் வைத்தார்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அன்றைக்கே நினைத்தேன். ஆனால் சொன்னால் போன் விஷயமும் வெளியே வரும். நாளை சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று இருபத்தோரு பாட்டில் ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமையும் வந்துவிட்டது.

ஆழியாற்றில் பத்து மணிக்குப் புறப்பட்டோம். சிவப்புக் காரில் மாமாவும் சென்னியப்பனும். பின்னால் எங்கள் காரில் அப்பா, நான், கிட்டுசாமி. டிக்கியில் அப்பாவின் கயிறும் ஒரு மூட்டை பிளாஸ்டிக் ரோஜாவும். கிட்டுசாமியின் மடியில் இருபத்தோரு பாட்டிலும் ஒரு பெட்டியில். "பத்திரமா வைன்னாரு. ஊட்டுல தனியா விட்டுட்டு வந்தா அது பத்திரமா?" என்றார்.

ஆறு வளைவு அழகாக ஏறியது. மாமா கையை வெளியே நீட்டி அப்பாவுக்கு டாட்டா காட்டினார். ஏழாவது வளைவில் மூடிக்கு அடியிலிருந்து ஆவி வந்தது. கார் இருமியது, ஓரமாக நின்றது. ஒரு குரங்கு கிட்ட வந்து பார்த்துவிட்டு, குட்டியைத் தூக்கிக்கொண்டு விலகிப் போனது.

மாமா சூடு காட்டும் முள்ளைப் பார்த்தார். "மச்சான், முள்ளு பச்சையிலதான் நிக்குது. புகைதான் தப்பா வருது."

"தப்பா வர்ற புகையை எங்க வாசல்ல வந்து வுடு," என்று அப்பா கயிற்றை வெளியே எடுத்தார்.

வண்டி ஆறட்டும் என்று காத்திருந்தார்கள். மணி பதினொன்றரை. மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பார்த்தால் குச்சியின் நுனிதான் நனைந்தது. கிட்டுசாமி தன் குடிதண்ணீரை நீட்டினார். சென்னியப்பன் தட்டிவிட்டார்.

"வேற எதையும் ஊத்தக் கூடாதுன்னு உத்தரவு."

"அப்ப இந்தப் பாட்டில் தண்ணிங்க?"

"அது சாட்சி."

"சாட்சி வேறயா, வேற இல்லீங்களா? இந்த வண்டிக்குள்ள இருந்ததுதானுங்களே?"

"வெளிய வந்துட்டா வேறதான். கட்டிக் குடுத்த பொண்ணு மாதிரி."

"கட்டிக் குடுத்த பொண்ணு பொறந்த ஊட்டுக்கு வரக் கூடாதுங்களா?"

"ஏன் வரக் கூடாது? என்ற பொண்டாட்டி வாரத்துல மூணு நாள் உங்க ஊட்டுலதான் கெடக்கறா!" என்று அப்பா தன்னை மறந்து சொல்லிவிட்டார்.

மாமா காரின் மூக்கில் கை வைத்தபடி நின்றார். "சவரிமுத்தண்ணன் சொல்லாம நான் ஊத்த மாட்டேன்," என்று போனை எடுத்தார்.

என் மடியில், அந்தப் பழைய போன் இருந்த பை அதிர்ந்தது.

எடுக்காவிட்டால் கார் மண்டப வாசலுக்குப் போகும். எடுத்தால், மாமா பத்தடி தூரத்தில் நிற்கிறார். சீட்டுக்கு அடியில் சரிந்து, துப்பட்டாவைத் தலையோடு போர்த்திக்கொண்டு எடுத்தேன்.

"தம்பி, ஊத்து! இருபத்தோரு பாட்டிலையும் ஊத்து! ஒண்ணு விடாம ஊத்து, வெளங்குச்சா?"

அதே நேரம் பார்த்து அப்பா, "எவ்வளவு நேரம்டா?" என்று எங்கள் கார் ஜன்னலில் கையை விட்டு ஆரன் அடித்தார். மாமா ஒரு காதில் போனும் ஒரு காதில் மலையுமாகக் கேட்டார்.

"மச்சான், இதைக் கேட்டீங்களா? நாகப்பட்டினம் ரோட்டுலயும் உங்களாட்டமே ஒரு அவசரக்காரன் ஆரன் அடிக்கிறான்!"

ஊற்றினார்கள். முதல் தேதியிலிருந்து வரிசை மாறாமல். ஒவ்வொரு பாட்டிலுக்கும் தேதியை உரக்கப் படித்துவிட்டு ஊற்றினார் சென்னியப்பன். இருபத்தோராவது பாட்டிலின் கடைசிச் சொட்டோடு தண்ணி கழுத்து வரை நின்றது. கார் ஒரே சாவியில் உயிர் பிடித்தது. எட்டு, அப்புறம் ஒன்பது. பதினொன்று ஐம்பத்தேழுக்கு ஒன்பதாவது வளைவில், ஆழியாறு அணை கீழே தட்டு மாதிரி தெரிகிற இடத்தில், மாமா ஆரன் அடித்தார். அப்பா ரோஜா மூட்டையின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். சந்தோஷத்தில் நானும் காரை விட்டு இறங்கி நின்றிருந்தேன். பை அதிர்ந்ததும் யோசிக்காமல் எடுத்துக் காதில் வைத்துவிட்டேன்.

"சவரிமுத்தண்ணா, ஏறிட்டமுங்க! சென்னியப்பண்ணன் இருபத்தி ரெண்டாவது பாட்டிலோட நிக்கறாரு. எஞ்சின் ஆறினதும் இன்னைக்குத் தண்ணியை எடுத்துரலாமுங்களா?"

"எடுக்காதே!" என்று மூக்கால் கத்தினேன். "இனி எடுக்கவே எடுக்காதே! நீங்க எடுத்ததுதான் கொறைஞ்சுது, வேற எங்கயும் போகலை, வெளங்குச்சா?"

மாமா காலிப் பாட்டில்களைப் பார்த்தார். விரலை மடக்கி எண்ணினார். சென்னியப்பனைப் பார்த்தார். அப்புறம், குரல் ரெண்டு பக்கமிருந்தும் வருகிறதே என்று மெதுவாகத் திரும்பினார். நாலடி தூரத்தில் நான், காதில் கம்மலும் போனும், மூக்கில் விரலுமாக.

போனைக் காதிலிருந்து எடுக்காமலே, மரியாதை கொஞ்சமும் குறையாமல் கேட்டார்:

"சவரிமுத்தண்ணா, என்ற அக்கா மகளை மடியில உக்கார வெச்சுக் காது குத்தினப்ப, தாய்மாமன் சீருன்னு நான் போட்ட கம்மலுங்க அது. உங்க காதுக்கு எப்படி வந்துச்சு?"