வெள்ளிப் புல்லும் மங்காயி தோப்பும்

முன்னொரு காலத்தில், மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த ஒரு நாட்டில் அக்கா தங்கை இரண்டு பேர் இருந்தார்கள். அக்கா வடிவாச்சி, தங்கை மங்காயி. அப்பா சாகும்போது கடற்கரை மணலை வேலி போட்டு ஆளுக்குப் பாதியாகக் கொடுத்துவிட்டுப் போனார்.

இருவருமே மரம் வைத்தார்கள். வடிவாச்சி வைத்தது பிழைத்தது, அவ்வளவுதான். மங்காயி வைத்ததோ, புன்னையும் நாவலும் தாழையுமாகப் பெரிய தோப்பாகிவிட்டது. கட்டுமரக்காரர்கள், "மங்காயி தோப்பு நிழல் மாதிரி வருமா?" என்பார்கள். செக்காட்டுகிறவர், "மங்காயி தோப்புப் புன்னைக் கொட்டையில்தான் எண்ணெய் அதிகம்" என்பார். ராணியே ஒருநாள் பல்லக்கை நிறுத்தி மங்காயியைக் கூப்பிட்டுப் பேசினாள். பக்கத்தில் நின்ற வடிவாச்சியைத் திரும்பியும் பார்க்கவில்லை. அன்றைக்கு வடிவாச்சிக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை ஒரு கப்பல் கரை ஒதுங்கியது. அதிலிருந்து இறங்கிய மந்திரவாதி நேரே வடிவாச்சியிடம் வந்தான். அவன் கையில் ஒரு சின்னப் பை. அதில் வெள்ளியைப் பொடித்த மாதிரி மூன்று பிடி விதை.

"எங்கள் தீவுப் புல். இதை விதைத்தால் உன் தங்கச்சி தோப்பை யாரும் பேச மாட்டார்கள்."

"எவ்வளவு தண்ணீர் ஊற்ற வேண்டும்?"

"தண்ணீர் வேண்டாம். உன் வயிற்றெரிச்சலே போதும்."

முதல் பிடியைத் தன் மணலில் விதைத்தாள். வெள்ளிப் புல் பளபளவென்று எழுந்தது. ஊரே வந்து பார்த்தது. மூன்று நாள் பார்த்துவிட்டு, மங்காயி தோப்பு நிழலுக்கே போய் உட்கார்ந்தது. வடிவாச்சியின் வயிறு எரிந்தது. புல் ஒரு சாண் வளர்ந்தது.

இரண்டாம் பிடியை வேலியோரம் விதைத்தாள். புல் தோப்புக்குள் புகுந்து கன்றுகளை நெரித்தது.

"அக்கா, காற்றில் விதை வந்துவிட்டது போல. இரண்டு பேருமாகப் பிடுங்கலாமா?" என்றாள் மங்காயி.

"காற்று கொண்டுவந்ததற்கு நான் என்ன செய்ய முடியும்?"

மங்காயி தனியாகப் பிடுங்கினாள். அதைப் பார்த்து ஊர்க்காரர்கள் உதவிக்கு ஓடிவந்தார்கள். 'எனக்கு ஒருநாளாவது இப்படி வந்தார்களா?' என்று வடிவாச்சி வயிறு எரிந்தது. புல் இடுப்புயரம் வளர்ந்தது.

மூன்றாம் பிடியை மங்காயியின் காலடியிலேயே வீசினாள். புல் கணுக்காலைச் சுற்றியது, இடுப்பைச் சுற்றியது, கழுத்தைச் சுற்றியது. மங்காயி நின்ற இடத்தில் இலையில்லாத ஒரு புன்னைமரம் நின்றது.

இப்படி ஆகும் என்று வடிவாச்சி நினைக்கவில்லை. கடலைப் பார்த்தாள், கப்பல் போயிருந்தது. அரிவாளால் புல்லை அறுத்தாள். ஒன்று அறுத்தால் பத்து முளைத்தது. தீ வைத்தாள்; நாவல்தான் கருகியது, புல் மூன்றே நாளில் தழைத்தது. ஊர் கூடி மங்காயிக்காக அழுதது. அப்போதும், 'நான் போனால் இப்படி அழுவார்களா?' என்று ஓர் எரிச்சல். புல் இன்னொரு சாண் உயர்ந்தது. அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அவளுக்கு விளங்கியது.

மண்டியிட்டு ஒரு புல்தூரைப் பிடித்தாள். மரத்தைப் பார்த்து வாய்விட்டுச் சொன்னாள். "ராணி உன்னோடு மட்டும் பேசினாள். எனக்குப் பொறுக்கவில்லை." தூர் வேரோடு வந்தது. "ஊர் உனக்கு உதவ வந்தது. எனக்குப் பொறுக்கவில்லை." அடுத்ததும் வந்தது. கை கிழிந்து ரத்தம் வழிய வழியப் பிடுங்கினாள்.

மரத்தடியில் இருந்த கடைசித் தூர் மட்டும் அசையவில்லை. ஊரே சுற்றி நின்றது. வடிவாச்சி ஊர்க்காரர்கள் பக்கம் திரும்பிச் சொன்னாள்.

"காற்று கொண்டுவரவில்லை. நான்தான் விதைத்தேன். மூன்று பிடியும் நான்தான்."

தூர் பெயர்ந்தது. மரம் துளிர்த்தது. துளிருக்கு நடுவிலிருந்து மங்காயி இறங்கி வந்தாள்.

"நீ சொன்னதெல்லாம் எனக்குக் கேட்டது, அக்கா," என்றாள். பிறகு முந்தானையைக் கிழித்து அக்காவின் கைக்குக் கட்டுப்போட்டாள். "பொறுக்கவில்லை என்று முதல்நாளே என்னிடம் சொல்லியிருக்கலாம்."

"சொன்னால் உன்னைவிடச் சின்னவளாகிவிடுவேன் என்று பயந்தேன்."

சிதறிக் கிடந்த புல்லை இருவருமாக மூன்று மழைக்காலம் பிடுங்கினார்கள். வெறும் மணலில் வௌவால்கள் கொட்டை போட்டன. கன்றுகள் தாமாகவே முளைத்தன. எது யார் மரத்துக் கொட்டை என்று யாருக்கும் தெரியவில்லை. அதனால் நடுவேலியைப் பிரித்து அடுப்பெரித்தார்கள். வடிவாச்சிக்கு அதன்பிறகும் சில நாள் வயிறு எரியும். எரிந்த அன்றே தங்கையிடம் சொல்லிவிடுவாள், இருவரும் சிரிப்பார்கள். அவர்கள் தோப்பில் புன்னை பூத்தது. இந்தக் கதை கேட்டவர் வீட்டு வாசலிலும் பூக்கட்டும்.