காற்று வெளியேறும் பக்கம்

துளசிமணியை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு சித்திரை மாதத்துக் காலையில். பள்ளிபாளையத்தில் என் வீட்டுக்கு வந்திருந்தார்.

மில்லில் மோட்டாருக்குக் காயில் கட்டும் வேலையை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர். வயதில் என்னைவிடப் பதினைந்து வருஷம் சின்னவர். சிறு வயதிலிருந்து விசைத்தறிகளுக்கு நடுவில் நின்று நின்று காது போய்விட்டது. உதட்டைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்வார்.

என் முன்னறையில் பிட்காயின் எடுக்கும் மைனிங் மெஷின்கள் பன்னிரண்டு இருந்தன. இரவு பகலாகக் கணக்குப் போட்டு அடுப்பைப்போலச் சுடும். சூடு மிஞ்சினால் தானாக நின்றுவிடும். அந்த வாரம் தினமும் உச்சிவெயிலில் எல்லாம் நின்றன. மில் வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கியிருந்தேன். ஐம்பத்தாறு வயதுக்காரனை எந்த மில் திரும்ப எடுக்கும்?

மெஷினில் மாட்டிச் சூட்டைத் தணிக்க மூன்று வகை ஃபேன் வாங்கி வைத்திருந்தேன்.

"எது சரின்னு சொல்லுங்க அம்மிணி!"

"கத்தாதீங்கண்ணா. நீங்க எவ்வளவு கத்தினாலும் எனக்கு ஒண்ணுதான். உங்களுக்கு எது புடிச்சிருக்கு?"

பெரியதை ஓட்டிக் காட்டினேன். ஜன்னல் கம்பி அதிர்ந்தது. மேசைமேல் இருந்த காகிதங்கள் பறந்தன. மனைவி போன பிறகு அந்த வீட்டில் பேச்சுச் சத்தமே இல்லை. அந்த இரைச்சல் எனக்குத் தெம்பாக இருந்தது.

"மாட்டுங்க" என்றார்.

ஒரு மெஷினில் மாட்டினேன். இரைச்சல் இன்னும் கூடியது.

"என்ன வேகம் பாருங்க!"

அவர் ஃபேனைப் பார்க்கவே இல்லை. மெஷினின் பின்பக்கம் போனார். பையிலிருந்து ஒரு நூலை உருவி, காற்று வெளியேறும் இடத்தில் பிடித்தார். நூல் லேசாக ஆடியது. அவ்வளவுதான்.

"காத்து இங்க வரலைங்கண்ணா. உள்ள தகடு நெருக்கமா இருக்குது. முட்டிட்டுத் திரும்பிடுது."

"அட்டையில காத்து அளவு பெரிய நம்பராப் போட்டிருக்கானே!"

"வெட்டவெளியில ஓட்டி எடுத்த நம்பர் அது. உங்க மெஷின் வெட்டவெளியா?"

இரண்டாவதை மாட்டினேன். நூல் இன்னும் கொஞ்சம் ஆடியது.

மூன்றாவது சின்னது. செங்கல் கனம். அகலமான இறக்கைகள் நெருங்கி இருக்கும். சத்தம் வராது; ஓடுகிறதா என்று எட்டிப் பார்க்க வேண்டும். மனமில்லாமல்தான் வாங்கியிருந்தேன்.

மாட்டியதும் நூல் விறைத்து நீட்டி நின்றது.

நான் மறுபடி பெரியதை எடுத்தேன்.

"எதுக்குங்க அது?"

"இன்னொரு தரம் பாத்துடலாம்னு..."

"பாருங்க, பாருங்க. கல்யாணம் பண்ணிக்கிற மாதிரி யோசிங்க" என்று சிரித்தார். "வெயில் ஏறட்டும். அதுவரைக்கும் ஒரு காப்பி போடுங்க."

உச்சிவெயிலில் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. சின்ன ஃபேன் மாட்டிய ஒன்று மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. நான் அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டேன்.

"சத்தமே இல்லாத ஒண்ணை எப்படிங்க அம்மிணி நம்பறது?"

என் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர் பையைத் தோளில் மாட்டினார்.

"எனக்கு எதுலதாங்கண்ணா சத்தம் இருக்குது?"

அந்த ஐப்பசியில் காய்ச்சலில் போய்விட்டார். அவர் வந்துபோன வாரமே அதே வகையில் இன்னும் பதினொன்று வாங்கி மாட்டியிருந்தேன். அந்தப் பன்னிரண்டு ஃபேன்களில் ஒன்பது இன்றும் ஓடுகின்றன.