இரண்டாவது பெயர்

"மேடம், இன்னும் என்ன செஞ்சா என்னை மதிப்பாங்க?"

கேட்டவர் குணசீலன். பெயர்போன சிறுநீரக மருத்துவர், மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர். காரை வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு நேரே உள்ளே வந்திருந்தார்.

டாக்டர் லூர்தம்மாள் நிமிரவில்லை. மலையடிவாரத்து அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் அவருக்கு எதிரே ஒரு பெண் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். வீங்கியிருந்த காலைக் கட்டைவிரலால் அழுத்திவிட்டு, குழி மேலெழும்புகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

எழும்பவில்லை.

"உட்காருங்க," என்றார்.

குணசீலனுக்கு அவர்தான் குரு. வயதில் ஐந்தாறு வருஷம் மூத்தவர், அவ்வளவுதான். கல்லூரி வேலையை உதறிவிட்டு அவர் இந்தப் பக்கம் வந்த பிறகும், மனசு முட்டிக்கொண்டு நிற்கும்போதெல்லாம் குணசீலன் இங்கே வந்துவிடுவார்.

இன்றைக்குக் காரியமும் இருந்தது. இயக்குநர் பதவிக்கு ஆள் எடுக்கிறார்கள். போன தடவை கைக்கெட்டியது வாய்க்கெட்டாமல் போயிற்று. இந்தத் தடவை லூர்தம்மாள் சிபாரிசு செய்தால் யாரும் தட்டமாட்டார்கள். சிபாரிசுக் கடிதத்தைக் குணசீலனே தட்டச்சு செய்து கொண்டுவந்திருந்தார். கையெழுத்துதான் பாக்கி.

குணசீலனின் பலமெல்லாம் ஒரே ஒரு கட்டுரை. சிறுநீரகம் கெட்டவர்களுக்கு ஒரு மாத்திரையைக் கூடுதல் அளவில் கொடுத்துவந்தால் டயாலிசிஸே வேண்டாம் என்று எப்போதோ எழுதியது. எழுதியவர்கள் என்று இரண்டு பெயர். முதலில் குணசீலன், அடுத்து லூர்தம்மாள்.

அந்த ஆராய்ச்சியில் லூர்தம்மாள் ஒரு நோயாளியைக்கூடப் பார்த்ததில்லை. குருவின் பெயரைச் சேர்ப்பது கல்லூரியில் வழக்கம். "தட்சிணை மேடம்" என்று சொல்லிச் சேர்த்தார். அவரும் சிரித்து வாங்கிக்கொண்டார்.

எந்த ஊர் மருத்துவர் தன் கட்டுரையில் இந்தக் கட்டுரையைக் குறிப்பிட்டாலும் இணையத்தில் ஓர் எண் ஏறும். பதவிக்கும் பரிசுக்கும் அதுதான் அளவுகோல். காலையில் பல் விளக்குமுன் குணசீலன் பார்ப்பது அந்த எண்ணைத்தான்.

"ஐந்நூறைத் தாண்டிருச்சு மேடம்."

"ஐந்நூறு பேர் உங்களைப் பத்திப் பேசியிருக்காங்க."

"ஆமா."

"என்ன பேசியிருக்காங்க?"



எந்தத் தேர்வுக் குழுவும் குணசீலனிடம் அப்படிக் கேட்டதில்லை.

"ஒன்னு படிங்க, கேப்போம்."

குணசீலன் போனை எடுத்தார். எண்ணைத் தொட்டால் பட்டியல் விரியும் என்று தெரியும். ஆனால் ஒரு தடவையும் தொட்டதில்லை. இப்போது தொட்டார்.

முதலில் வந்ததைத் திறந்தார். குணசீலனும் லூர்தம்மாளும் சொன்ன முறையை நாங்களும் செய்து பார்த்தோம், பலன் இல்லை என்றது அது.

அடுத்ததைத் திறந்தார். குணசீலனும் லூர்தம்மாளும் சொன்ன அளவில் கொடுத்ததில் நோயாளிகளின் இதயத் துடிப்பு தாறுமாறானது, பாதியில் நிறுத்திவிட்டோம் என்றது.

மூன்றாவதை அவர் வாய்விட்டுப் படிக்கவில்லை.

லூர்தம்மாளின் கை அந்தப் பெண்ணின் கால்மேலேயே இருந்தது.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு ஒருவர் வந்தார். காக்கிச் சட்டை, கையில் சுருட்டிய தாள். அந்தப் பெண் அன்னக்கொடியின் புருஷன் ஒச்சப்பன். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடையில் பிரிண்டு எடுத்துவர நேரமாகிவிட்டது என்றார்.

"பொண்ணு பாக்கும்போது ஜாதகம் பாத்த மனுசன்," என்றாள் அன்னக்கொடி. "இப்ப போன் பாக்குறாரு."

ஒச்சப்பன் அதைக் காதில் வாங்கவில்லை. தாளை மேசைமேல் விரித்து, ஓரம் சுருளாமல் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். போனில் தேடினால் இதுதான் முதலில் வருகிறதாம். இங்கிலீஷில் இருந்ததை போனே தமிழாக்கிக் கொடுத்ததாம். டயாலிசிஸ் போட்டுவந்த நாளெல்லாம் இவள் வாடிய கீரையாய்க் கிடக்கிறாள், நாளையிலிருந்து அதை நிறுத்திவிட்டு இந்த மாத்திரையை எழுதித் தாருங்கள் என்றார்.

தாளின் தலைப்பைக் குணசீலன் தலைகீழாகவே படித்துவிட்டார்.

"டாக்டரம்மா, நான் படிக்காதவன்தான். ஆனா ஐந்நூறு பேரு இதை எடுத்துப் பேசியிருக்காங்கன்னு கீழயே போட்டிருக்கு. அத்தனை பேரும் பொய்யா பேசுவாங்க?"

லூர்தம்மாள் குணசீலனைக் கைகாட்டினார்.

"சார் சிறுநீரக டாக்டர். அவர்கிட்டயே கேளுங்க."

ஒச்சப்பன் தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தார். வணக்கமும் வைத்தார்.

தெரியாது என்று சொல்லலாம். இது பழைய சங்கதி, விட்டுவிடுங்கள் என்று சொல்லலாம். இரண்டும் நாக்கு நுனிவரை வந்தன. அதற்குள் அவர் கண் அன்னக்கொடியின் காலில் விழுந்தது. விரல் அழுத்திய குழி இன்னும் அப்படியே இருந்தது.

"இது தப்புங்க," என்றார். "இதை நம்பி டயாலிசிஸை நிறுத்துனா உயிருக்கே ஆபத்து. நிறுத்திராதீங்க."

"உங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

"எழுதுனது நான்தான்."

ஒச்சப்பன் தாளில் இருந்த பெயரைப் பார்த்தார். ஆளைப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால் குணசீலனுக்குச் சுளுவாக இருந்திருக்கும். அந்த மனுஷன் கும்பிட்ட கையைக் கீழே இறக்கினார், அவ்வளவுதான்.

"தப்புன்னு எப்ப சார் தெரிஞ்சுச்சு?"

"இப்பத்தான். நீங்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னால."

"ஐந்நூறு பேரு பேசுனாங்களே?"

"அவங்க அதைத்தான் பேசியிருக்காங்க. நான் படிக்கலை."

அன்னக்கொடி மெல்லக் காலை இழுத்துச் சேலைக்குள் மறைத்துக்கொண்டாள். அவளுக்கு எதற்கு வெட்கம் என்று குணசீலனுக்குப் புரியவில்லை. அவள் வெட்கப்பட்டது அவருக்காக என்று பிறகு புரிந்தது. முகம் எரிந்தது.

பேனாவை எடுத்து அந்தத் தாளின் குறுக்கே 'இது தவறு' என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

ஒச்சப்பன் வாங்கவில்லை.

"இது நான் எடுத்த தாளு சார். மத்தவங்க போன்ல இருக்குமே. அதுல யாரு எழுதுவா?"

குணசீலன் பைக்குள்ளிருந்து தன் சிபாரிசுக் கடிதத்தை எடுத்தார். அதைத் திருப்பிப் போட்டு, வெறுமையாக இருந்த பின்பக்கத்தில், கட்டுரையை வெளியிட்ட பத்திரிகைக்கு எழுத ஆரம்பித்தார். தப்பு இன்னதென்று எழுதினார். கட்டுரையைத் திரும்பப் பெறும்படி கேட்டார்.

"நானே அனுப்பிடறேன் மேடம். உங்களுக்கு இதுல சம்பந்தமில்லைன்னும் ஒரு வரி சேர்த்துடறேன்."

லூர்தம்மாள் எழுந்து வந்தார். அவர் கண்ணாடிக்குப் பின்னால் கண் கலங்கியிருந்தது. குணசீலனின் விரலிலிருந்த பேனாவைத் தன் கைக்கு வாங்கிக்கொண்டார்.

"கையெழுத்துக்குத்தானே வந்தீங்க," என்றார். "ரெண்டாவது பேரு என்னோடதுதான். தள்ளி உட்காருங்க."