ஆமைக்கு வெயில் காட்டிய நாள்

தவமணி அம்மைக்கு வயது நாற்பது. அவருடைய சீடர் சங்கிலிமுத்துவுக்கு அறுபத்தொன்று. மலையடிவாரத்துக் குடிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் சீடர் காலில் விழுந்துவிட்டு, குருவிடம் குடிக்கத் தண்ணீர் கேட்பார்கள். இருவருமே திருத்த மாட்டார்கள்.

சங்கிலிமுத்து முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். சக்கரத்தில் ஒரு நட்டு தளர்ந்தாலும் அவர் காதுக்குத் தெரிந்துவிடும். ஒரே மகள் கயல் காமாலையில் போன பிறகு குடிலுக்கு வந்து சேர்ந்தார். ஒரு கையில் துணிப்பை, மறு கையில் பிளாஸ்டிக் வாளி. வாளிக்குள் அவள் வளர்த்த ஆமை. உள்ளங்கை அளவுதான் இருக்கும். அவள் அதற்கு வைத்த பெயர் எக்ஸ்பிரஸ். அப்பாவின் ஓட்டத்தைக் கேலி செய்து வைத்த பெயர்.

"அவ விட்டுட்டுப் போனதுல உசுரோட இருக்கறது இது ஒண்ணுதாம்மா," என்றார்.

"அப்ப இதுவும் இங்கேயே இருக்கட்டும் ஐயா," என்றார் அம்மை.

ஆமையின் ஓடு மெத்தென்று இருந்தது. மாட்டு டாக்டர் விரலால் அழுத்திப் பார்த்தார்.

"வெயில் படாம வளந்திருக்கு."

"ஜன்னலோரந்தாங்க வச்சிருந்தோம்."

"கண்ணாடி வழியா வர்ற வெயில் உதவாதுய்யா. வெளிய வைங்க. காலை வெயில், அரை மணி நேரம். தொட்டியில பாதிக்கு நிழல் இருக்கணும், சூடு தாங்காட்டி அதுவா ஒதுங்கிக்கும். பக்கத்துல ஆள் இருக்கணும். அதான் முக்கியம்."

சங்கிலிமுத்து சொன்னபடியே செய்தார். தினமும் ஏழு மணிக்கு அகலமான பேசினில் நாலு விரல் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றுவார். பாதிக்குச் சாக்கைப் போட்டு மூடுவார். பக்கத்தில் குந்தி உட்கார்ந்து அதோடு பேசிக்கொண்டிருப்பார். மூன்று மாதத்தில் ஓடு கெட்டிப்பட ஆரம்பித்தது. அவரும் ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்தார்.

பிறகு ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஒன்பது நாள் சூரியனையே காணோம். பத்தாம் நாள், காலை பத்து மணி ஆகப்போகிற நேரத்தில் சுள்ளென்று வெயில் அடித்தது. ஆனால் பத்து மணி, தியானத்தில் உட்காரும் நேரம்.

குடிலில் இருப்பது ஒரே ஒரு விதி. முதல் மணிக்குக் கண்ணை மூடினால், இரண்டு மணி நேரம் கழித்து அடுத்த மணி அடிக்கும்வரை எழுந்திருக்கக் கூடாது. இடியே விழுந்தாலும் சரி. 'ஓசை வந்தா ஓசைன்னு மட்டும் பாருங்க, பின்னாலேயே போகாதீங்க' என்பது அம்மை சொல்லிக்கொடுத்த முதல் பாடம்.

சாக்கு எங்கோ நனைந்து கிடந்தது. சங்கிலிமுத்து பேசினை வேப்ப மரத்தடியில் வைத்தார், பாதி நிழலில், பாதி வெயிலில். ஒன்பது நாள் பட்டினிக்கு வயிறார வெயில் தின்னட்டும் என்று நினைத்தார். மனுஷர் அங்கேதான் கோட்டை விட்டார். முப்பது வருஷம் நிழல் பார்த்து பஸ் நிறுத்தியவருக்கு, நிழல் நகரும் என்பது தெரியாதா? தெரியும். அன்றைக்குத் தோன்றவில்லை. மணி அடித்தது, உள்ளே ஓடினார்.

அடுத்த மணிக்கு எழுந்து வந்தபோது நிழல் நாலடி தள்ளிப் போயிருந்தது. பேசின் தண்ணீர் சுட்டது. ஆமை முன்னங்கால்களைப் பேசின் சுவரில் ஊன்றி, கழுத்தை வெளியே நீட்டியபடி செத்திருந்தது.

பேசினை அப்படியே தூக்கி வந்து அம்மையின் முன்னால் வைத்தார்.

"எம் பொண்ணு இன்னொரு தடவை செத்துட்டாம்மா."

அம்மை பேசினுக்குள் கையை விட்டார். கையை வெளியே எடுக்கவில்லை.

"ஒண்ணு கேக்கணும்," என்றார் சங்கிலிமுத்து.

"கேளுங்க ஐயா."

"சத்தம் எனக்குக் கேட்டுச்சு. நகத்தால பேசினைச் சொரண்டுற சத்தம். இன்ன சத்தம்னும் தெரிஞ்சுது. எந்திரிக்கல."

"ஏன்?"

"ஓசைன்னு மட்டும் பாத்தேன்."



"எத்தனை தடவை கேட்டுச்சு?"

"மூணு தடவை. அப்புறம் கேக்கல. மனசு அடங்கிருச்சுன்னு நெனச்சேன். இங்க வந்த நாள்லேருந்து மொதத் தடவையா அடங்கிருச்சுன்னு... சந்தோஷமா இருந்துச்சும்மா."

அந்தச் சொல் வாயிலிருந்து வந்த பிறகுதான் அவருக்கு அழுகை வந்தது. வெகுநேரம் அழுதார். அம்மை தேற்றவில்லை.

"சத்தம் அதுவா நின்னுச்சா, இல்ல நான் கேக்கறத நிறுத்திட்டேனா?" என்றார் சங்கிலிமுத்து. "நீங்க எனக்குப் பக்கத்துலதானே உக்காந்திருந்தீங்க. நீங்கதான் சொல்லணும்."

அம்மை தண்ணீரிலிருந்து கையை எடுத்தார். சிவந்து போயிருந்தது.

"நிக்கல ஐயா," என்றார். "எனக்குக் கடைசி வரைக்கும் கேட்டுச்சு."