செங்கோடன் தோள்

சட்டையில் வந்த முகம் செங்கோடன் முகம் இல்லை.

அவன் பெண்டாட்டி மயிலாத்தாள் சொல்லிவிட்டாள். சட்டையை மடித்தாள். பைக்குள் வைத்தாள். திருப்பி அனுப்பிவிட்டாள்.

அந்தப் பையோடு தருமலிங்கம் ஆக்னஸ் முன்னால் வந்து நின்றார்.

"கெட்டுப்போன படத்துல அவரு இருக்காராம். நல்லாக்கின படத்துல இல்லையாம். இதென்ன நாயம், டீச்சர்?"

ஆக்னஸ் பொரி தின்றுகொண்டிருந்தாள்.

திருப்பூரில் பனியனுக்குப் படம் அச்சிடும் பட்டறை அவளுடையது. தருமலிங்கம் அவளைவிட இருபது வயது மூத்தவர். சாயப்பட்டறையில் ஈரத்தில் நின்று நின்று கால் போன மனுசன். உட்கார்ந்து செய்கிற வேலை வேண்டும் என்று, கம்ப்யூட்டரில் பழைய படம் திருத்தக் கற்க வந்தார். தெருவே சிரித்தது. ஆக்னஸ் சிரிக்கவில்லை. ஒரு நாற்காலியைக் காட்டினாள். சேர்க்கை அவ்வளவுதான்.

செங்கோடன் கதையும் நீளம் இல்லை. வேப்பம்பள்ளம் கபடி அணிக்காரன். எதிராளி கோட்டுக்குள் பாடிப்போனால் யாரையாவது தொடாமல் திரும்பியதில்லை. லாரி மோதிச் செத்தான். மகன் பிரபு அப்போது தொட்டிலில் கிடந்தான். இப்போது அவன்தான் அணித்தலைவன். அப்பன் பேரில் நினைவுக் கபடி நடத்துகிறான். அப்படி நடத்தினால் இறந்தவர் படத்தை நெஞ்சில் போட்டுக்கொண்டு ஆடுவது அந்தப் பக்கத்து வழக்கம்.

வீட்டில் இருந்தது ஒரே படம். ஆட்டத்துக்கு நடுவில் யாரோ எடுத்தது. கண்ணாடிக்குள் ஈரம் இறங்கி, முகம் முழுக்கப் பூஞ்சை.

ஆக்னஸ் பொரியை மென்று விழுங்கினாள்.

"என்ன செஞ்சீங்கண்ணா?"

"தொடச்சேன்."

"எதை?"

"புள்ளியையெல்லாம்."

"அப்புறம்?"

"வாய் பொளந்து கெடந்துச்சு. மூடினேன். ஒரு தோள் கீழ தொங்குச்சு. நிமித்தினேன். பனியன் நடுவுல நேரா நிக்கோணுமில்லீங்க?"

"புருவம்?"

"அதுல ஒரு கோடு. கீறல்னு நெனச்சு முடியை அடைச்சுட்டேன். அந்தம்மா அதைத் தழும்புன்னாங்க. திரும்பவும் கோட்டைப் போட்டுக் குடுத்தேன். அதுக்கப்புறமும் அவரில்லைங்கிறாங்க."

"வேற என்ன கொறைன்னு கேட்டீங்களா?"

"சொல்லத் தெரியலையாம். 'ஆட்டம் நடக்கட்டும், அவரு பேர்ல வேண்டாம்'னு முடிச்சுட்டாங்க. ஞாயித்துக்கிழமை ஆட்டம். பையன் வெளிய உக்காந்திருக்கான், மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கிட்டு. அவன் பார்த்தவுடனே சூப்பர்னான், டீச்சர்."

"அவன் அப்பாவைப் பார்த்திருக்கானா?"

தருமலிங்கம் பொரியைப் பார்த்தார்.

"அப்படியே பழைய படத்தை அடிச்சா என்ன?" என்றாள் ஆக்னஸ்.

"அம்மை போட்ட மாதிரி இருக்கும்."

அவள் எழுந்தாள். பழைய படத்தைத் திரையில் திறந்தாள். ஒரு புள்ளியைத் தொட்டாள்.

"இது?"

"பூஞ்சை."

"இது?"

"பூஞ்சை."

"இது?"

"அதுவுந்தான்."

"எப்படித் தெரியும்?"

"புள்ளியா இருக்குதே."

ஆக்னஸ் மேசைமேல் கிடந்த துணியில், சாயக்கறை போக்கும் தின்னரை ஊற்றினாள். அவர் கையைப் பிடித்தாள். புறங்கையில் இருந்த கறுப்புத் திட்டைத் தேய்த்தாள். அழுத்தித் தேய்த்தாள்.

"டீச்சர், எரியுது. அது சாயமில்லீங்க. கொதிதண்ணி ஊத்தி வெந்தது."

"புள்ளியா இருந்துச்சே," என்றாள். துணியைக் கீழே போட்டாள்.

தருமலிங்கம் கையை ஊதிக்கொண்டார்.

"செரி. எது படத்து மேல இருக்குது, எது ஆளு மேல இருக்குதுன்னு நான் யாரைப் போய்க் கேக்கறது? அந்தம்மா ஆட்டக்களத்துப் பக்கமே போனதில்லையாம்."

"செங்கோடன்கிட்ட அதிகமாத் தோத்தவன் எவன்?"

"அதெதுக்கு?"

ஆக்னஸ் பொரிக்குத் திரும்பிவிட்டாள்.

வெளியே வந்து பிரபுவைக் கேட்டார். அவன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத்தான் வாய் திறந்தான்.

"எட்டிக்குட்டை நாச்சிமுத்துங்க. ஆனா அந்தப் பேரை வீட்டுல எடுத்தா அம்மா சோறு போடாது. அப்பா புருவத்தைக் கிழிச்சவரு. சுத்துவட்டாரத்துல எல்லா ஊரையும் கூப்பிட்டோம். எட்டிக்குட்டையை மட்டும் கூப்பிடலை."

தருமலிங்கம் லேப்டாப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறினார்.

நாச்சிமுத்து தேங்காய் மண்டி வைத்திருந்தார். பருத்த ஆள். ஒரு காலத்தில் ஓடினவர் என்று சத்தியம் செய்தாலும் நம்ப முடியாது. சட்டையை விரித்துக் காட்டினார் தருமலிங்கம்.

"ஆருங்க இது, புதுமாப்பிள்ளை? ஜவுளிக்கடை விளம்பரமா?"

"செங்கோடனுங்க. வேப்பம்பள்ளம்."

"அட போங்க. இவனை நான் பத்து எண்றதுக்குள்ள புடிச்சிருவேன்."

தருமலிங்கம் லேப்டாப்பைத் திறந்து பழைய படத்தைக் காட்டினார்.

நாச்சிமுத்து துண்டில் கையைத் துடைத்தார். கிட்டே வந்தார். தேங்காய் எண்ணிக்கொண்டிருந்தவன் ஏதோ கேட்டான். அவருக்குக் காதில் விழவில்லை.

"இது எங்கூர்க் களம். அந்தக் கன்னத்துல இருக்கறது எங்க செம்மண்ணு. நான் காலை வாரி உட்டேன். மூஞ்சி தேய விழுந்தான். எந்திரிச்சுத் தட்டக்கூட இல்லை, அடுத்த பாட்டுக்கு வந்துட்டான். அப்ப எடுத்ததுங்க இது."

"நான் அதைத் தொடச்சுட்டனுங்க."

"வாயை எதுக்கு மூடினீங்க? அவன் பாடிக்கிட்டு வர்றான். மூடினா மூச்சு போச்சு. ஆள் அவுட்டு."

"தெரியலீங்க."

நாச்சிமுத்து சட்டையை மறுபடி எடுத்தார். படத்தைப் பார்த்தார். சட்டையைப் பார்த்தார்.

"தோளை ஆரு நிமித்தினது?"

"நான்தானுங்க."

அவர் மூட்டைமேல் உட்கார்ந்தார்.

"ஏழு வருசம் இந்தத் தோளைத்தான் பார்த்துக்கிட்டு நின்னேன். வலத்தோள் எறங்கும். வலக்கையில வர்றான்னு பாய்வேன். இடக்கால்ல தொட்டுட்டுப் போயிருவான். எப்பவும் எறங்கும். எப்பவும் பாய்வேன்."

"தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சுந்தான்."

தருமலிங்கம் முதலில் இருந்து தொடங்கினார். இந்தத் தடவை அவர் எதையும் முடிவு செய்யவில்லை. நாச்சிமுத்து விரல் வைத்தார். "மண்ணு. இருக்கட்டும்." தருமலிங்கம் கை நின்றது. "இது தெரியாத சமாச்சாரம். எடுங்க." கை நகர்ந்தது. "இது வேர்வை. உடுங்க." வந்த வியாபாரிகள் காத்திருந்தார்கள். சிலர் திரும்பிப் போனார்கள். வெயில் தாழ்ந்துவிட்டது.

கிளம்பும்போது நாச்சிமுத்து வாசல்வரை வந்தார்.

"என் பேரைச் சொல்லிப்போடாதீங்க. அந்தம்மிணி சட்டையைத் தொடாது."

தருமலிங்கம் ஆகட்டும் என்று சொல்லவில்லை. பஸ் வந்தது. ஏறிக்கொண்டார்.

மறுநாள் மயிலாத்தாள் பட்டறைக்கே வந்தாள். பின்னால் பிரபு. சட்டை அப்போதுதான் இயந்திரத்திலிருந்து இறங்கியிருந்தது. சூடு ஆறவில்லை.

அவள் மேசைமேல் விரித்துப் பார்த்தாள்.

கை தானாகப் போயிற்று. சட்டையில் இருந்த கன்னத்தைத் தட்டினாள். இன்னொரு தட்டு.

"மண்ணைத் தட்டீட்டு உள்ள வாங்கன்னா கேக்கவே மாட்டாரு," என்றாள்.

கை நின்றது. மெல்ல இறங்கித் தோளுக்கு வந்தது. அங்கேயே இருந்தது.

"வாசப்படி ஏறினாலும் இப்படித்தான் ஏறுவாரு. நான் மறந்தே போயிட்டேன் பாருங்க."

பிரபு எட்டிப் பார்த்தான். அப்பனை முதல்முதலாகப் பார்க்கிறவன் பார்வை.

மயிலாத்தாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். தருமலிங்கத்தைப் பார்த்தாள்.

"நல்லாச் சரி பண்ணியிருக்கீங்கண்ணா."

ஆக்னஸ் மெல்லுவதை நிறுத்தினாள்.

தருமலிங்கம் இந்தப் பேச்சுக்காகத்தான் இத்தனை நாள் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். டீச்சர் காதில் விழும்படி ஒருத்தர் சொல்லவேண்டும் என்று. சொல்லியாயிற்று.

அவர் புறங்கைத் தழும்பைத் தடவிக்கொண்டார்.

"நான் இல்லீங்க."

"பின்னே, டீச்சரா?"

ஆக்னஸ் தலையை ஆட்டினாள், இல்லை என்று.

"அப்ப யாருங்க? அவரை இவ்வளவு பார்த்தவங்க யாரு இருக்கா?"

அம்மாவின் முதுகுக்குப் பின்னால் பிரபு வேண்டாம் என்று கையை ஆட்டினான். மயிலாத்தாள் கை இன்னும் அந்தத் தோள்மேல்தான் இருந்தது.

தருமலிங்கம் சொன்னார்.

"எட்டிக்குட்டை நாச்சிமுத்துங்க."